மறு: ரிலீவர், கன்ட்ரோலர் – தமிழில் என்ன?

> ரிலீவருக்கு ‘நிவாரணி’, கன்ட்ரோலருக்கு ‘தடுப்பான்’ என்று முடித்துவிடலாமே.

அக்கா, ஆஸ்துமா இன்ஹேலர்களில் இரைக்கும்போது இழுப்பது ரிலீவர், தினமும் இழுப்பது கன்ட்ரோலர். அவற்றின் தமிழ்ப் பெயரை இப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

‘நிவாரணி’ என்றதும் வலி நிவாரணிதான் நினைவுக்கு வரும். அதுதான் மருந்து, மற்றது சும்மா என்று ஆகிவிடும். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. நீல இன்ஹேலர் சுருக்குப் பையில், வெற்றிலையோடு வெற்றிலையாக. தினமும் இழுக்கச் சொன்ன பழுப்பு நிறத்தது சாமி படத்துக்குப் பின்னால், மூடியெல்லாம் திருநீறு. "இதை இழுத்தா ஒண்ணும் தெரியலையேடா" என்பார். தெரியாதுதான். நீலத்தில் உள்ள சால்பியூட்டமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்திவிடும். பழுப்பில் உள்ள ஸ்டீராய்டு உள்வீக்கத்தை நாள்கணக்கில் மெல்ல வற்றவைக்கும். வெள்ள நிவாரணம் கைக்கு வந்ததால் உடைந்த ஏரிக்கரை அடைபடுமா?

‘தடுப்பான்’ இன்னும் வம்பு. இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கரை பீட்டா தடுப்பான் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு ஆகாத மருந்து அது!

நோயாளிக்கு என்ன தெரிகிறது என்பதை விட்டு, மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். இன்ஃப்ளமேஷனுக்கு ‘அழற்சி’ நிலைத்துவிட்டது. அழல் என்றால் நெருப்பு. அதை ஆற்றுவது ‘அழலாற்றி’. நீலம் ‘குழல்விரிப்பி’.

இன்னொன்று. 2019இல் ஜினா (GINA) என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு விரிப்பியை மட்டும் கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட்டது. 200 இழுப்புக் குப்பி ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடுமையான இரைப்பு வரும் ஆபத்து கூடுதலாம். பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்ற விரிப்பியும் சேர்ந்த குப்பியைத்தான் இப்போது முதலில் சொல்கிறார்கள். இரைக்கும்போதும் அதையே இழுக்கலாம். இது நிவாரணியா, தடுப்பானா? என் சொற்களை ஒட்டினால் ‘விரித்தாற்றி’. விரிக்கவும் செய்யும், ஆற்றவும் செய்யும்.

இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரை ஸ்பேசர் என்றே விடுங்கள். பிள்ளைக்கு மாஸ்க் மாட்டிக் கொடுக்கிற தாய்மார் வாயில் அது படிந்துவிட்டது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். நேற்று மருந்துக்கடைத் தம்பியிடம் "அழலாற்றின்னா என்ன மருந்துன்னு தோணுது?" என்று கேட்டுப் பார்த்தேன். "நெஞ்செரிச்சலுக்குத்தானே அண்ணே?" என்று ஜெலுசில் பாட்டிலை எடுத்துவிட்டான். முன்னால் ‘மூச்சு’ சேர்த்தால் நீள்கிறது. ஆஸ்துமாவைத் தொய்வு என்று புழங்குகிற யாழ்ப்பாணத்து நண்பர்கள் வேறு சொல் வைத்திருந்தால் சொல்லுங்கள்.