பிரேம் எண்ணிக்கை இருந்தும் ஆட்டம் தடுமாறுகிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா, மவுஸையும் கீபோர்டையும் மாற்றுவதா?

வில்லாளி கேட்டது:

வணக்கம். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஷூட்டர் விளையாட்டுகளையும், தனியாக அமர்ந்து ஆடும் நீண்ட கதை விளையாட்டுகளையும் ஏறக்குறையச் சம அளவில் விளையாடுகிறேன். என் கணினியில் ரைசன் 5 5600 பிராசஸர், 3200 வேகம் என்று குறிக்கப்பட்ட 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் ஆகியவை உள்ளன. ஷூட்டர் விளையாட்டுகளில் திரையின் மூலையில் தெரியும் பிரேம் எண்ணிக்கை பெரும்பாலும் 120-க்கு மேல்தான் நிற்கிறது. ஆனாலும் சட்டென்று திரும்பிக் குறிவைக்கும்போது கிராஸ்ஹேர் (திரை நடுவில் தெரியும் குறி அடையாளம்) ஒரு கணம் உறைந்து, பிறகு தாவிச் சென்று வேறிடத்தில் நிற்கிறது. எதிரி முன்னால் இருக்கும் நேரத்தில் அந்த ஒரு கணம் போதும், அந்தச் சுற்று கைநழுவிவிடுகிறது.

இதோடு வேறு இரண்டு தொல்லைகளும் சேர்ந்துகொண்டுள்ளன. வயர்லெஸ் மவுஸின் இடது பட்டனை ஒருமுறை அழுத்தினால் சில நேரம் இரண்டு முறை பதிவாகிறது; கதை விளையாட்டில் வில்லை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கும்போதே அம்பு தானாகப் பறந்துவிடுகிறது. கன்ட்ரோலரை எடுத்தால் அதன் வலது ஸ்டிக்கை நான் தொடாதபோதும் காட்சி மெல்ல இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

நண்பர்கள் எல்லோரும் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் தொகைக்கு ஒன்று புதிய கார்டு வாங்கலாம், அல்லது நல்ல மவுஸ், காந்த ஸ்விட்ச் கீபோர்டு, கன்ட்ரோலர் ஆகியவற்றை வாங்கலாம், இரண்டும் முடியாது. விளையாட்டில் கைக்கும் கண்ணுக்கும் உண்மையாக வேறுபாடு தெரிவது எதில் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மின்னோட்டம் எழுதியது:

எதையும் வாங்காதீர்கள், இன்னும். தடுமாற்றம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் செலவழித்தால், புதிய கார்டைப் பொருத்திய பிறகும் கிராஸ்ஹேர் இதே போல் தாவ வாய்ப்பு உண்டு.

மூலையில் தெரியும் அந்த எண் ஒரு சராசரி. ஒரு நொடியில் 120 பிரேம்கள் வந்தன என்பதை அது சொல்லும். அவை ஒரே சீராக வந்தனவா என்பதைச் சொல்லாது. 120 பிரேம்கள் சீராக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 8.3 மில்லி நொடி ஆகும். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டவை 7 மில்லி நொடியில் வந்து, இடையில் ஒன்று மட்டும் 50 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் சராசரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், உங்கள் கண்ணோ அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். எனவே சராசரியை விட்டுவிட்டு, பிரேம் டைம் வரைபடத்தையும் '1 சதவீதக் குறைந்த அளவு' (மிக மெதுவாக வந்த 1 சதவீதப் பிரேம்களின் வேகம்) என்ற எண்ணையும் காட்டும் மென்பொருளை ஓடவிடுங்கள். கிராஸ்ஹேர் தாவும் அதே கணத்தில் வரைபடத்தில் ஊசி போல் ஒரு கோடு எழும்பினால் சிக்கல் கணினிக்குள் இருக்கிறது. வரைபடம் தட்டையாகவே ஓட, கிராஸ்ஹேர் மட்டும் தாவினால், கணினி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, மவுஸிலிருந்து வரும் தகவல்தான் இடையில் தொலைகிறது என்று பொருள். இந்த ஒரு சோதனை உங்கள் கேள்வியின் பாதிக்குப் பதில் சொல்லிவிடும்.

அதே திரையில் கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பதையும் கவனியுங்கள். அது 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் எல்லை. 60, 70 என்று தளர்ந்து நின்றால், பிராசஸரோ ரேமோ அதற்கு வேலை கொடுக்க முடியாமல் காக்க வைக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்டைப் பொருத்தினாலும் ஷூட்டர் விளையாட்டில் பிரேம் எண்ணிக்கை உயராது.

ரேமை மறக்காமல் பாருங்கள். பெட்டியில் 3200 என்று இருந்தாலும், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை), ரேமைக் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காதவரை பல ரேம்கள் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடும். பயாஸை அப்டேட் செய்தால் அந்த அமைப்பு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுவதும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். இரண்டு ரேம் குச்சிகள் இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் அவை பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தகவல் தரும் முறையில், ஓடும். ரைசன் பிராசஸர்களில் இது சின்ன விஷயம் அல்ல.

விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டர் 144-இல்தான் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு அது 60-க்குத் திரும்பிவிட்ட கணினிகளைப் பார்த்திருக்கிறேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லி நொடி திரையில் நிற்கும், 144-இல் 6.9 மட்டுமே.

கருவிக்காரர் எழுதியது:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் நீங்கள் விவரித்த விதத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் மவுஸின் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) மீதுதான். அது எங்கே செருகப்பட்டிருக்கிறது? கணினியின் பின்பக்கத்தில், யூஎஸ்பி 3 போர்ட்டில், பக்கத்திலேயே ஒரு எக்ஸ்டர்னல் டிரைவும் இருக்கிறதா?

யூஎஸ்பி 3 இணைப்பில் தகவல் ஓடும்போது அதன் போர்ட்டும் கேபிளும் பரந்த அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடுகிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பின்பக்கத்தில் செருகினால் இதோடு கணினியின் உலோகப் பெட்டியும் டாங்கிளுக்கும் மவுஸுக்கும் குறுக்கே நின்றுவிடுகிறது. கேம் கோப்புகள் எக்ஸ்டர்னல் டிரைவிலிருந்து ஏறும் வேளையில் மட்டும் மவுஸ் தடுமாறும், மற்ற நேரத்தில் ஒரு குறையும் இருக்காது. அதனால்தான் பலரும் பிராசஸரையும் கார்டையும் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறார்கள். யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் போட்டு டாங்கிளை மவுஸ்பேடுக்கு ஒரு சாண் தூரத்தில், மேசை மீது கொண்டுவந்து வையுங்கள். பல மவுஸ்களின் பெட்டியிலேயே இதற்கென ஒரு கேபிள் வருகிறது.

போலிங் ரேட்டும் பாருங்கள். 125 ஹெர்ட்ஸில் மவுஸ் 8 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் தன் நிலையைச் சொல்லும். 1000 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு மில்லி நொடியும் சொல்லும். இந்த வேறுபாட்டை 144 ஹெர்ட்ஸ் திரையில் கண்ணால் உணரலாம். 8000 வரை போகும் மவுஸ்களும் வந்துவிட்டன. அவை பிராசஸருக்குக் கூடுதல் சுமை தருவதால் உங்கள் கணினிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். டிபிஐ (மவுஸின் உணர்திறன் அளவு) பற்றி விளம்பரங்கள் சொல்லும் பெரிய எண்களைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஷூட்டர் விளையாடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் 400 முதல் 1600 வரைக்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

இரட்டைக் கிளிக் வேறு நோய். பட்டனுக்கு அடியில் உள்ள ஸ்விட்சில் மெல்லிய செப்புக் கலவைத் தகடு ஒன்று இருக்கிறது. அழுத்தும்போது அது வளைந்து மற்றொரு முனையைத் தொடுகிறது. தொட்ட பிறகு ஓரிரு மில்லி நொடி துள்ளி அடங்குகிறது. அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மவுஸின் உள்மென்பொருள் கொஞ்சம் காத்திருக்கும். இதற்கு டிபவுன்ஸ் நேரம் என்று பெயர். காலப்போக்கில் தகடு தளர்ந்தும் தொடுமுனை கறுத்தும் போனால், துள்ளல் அந்தக் காத்திருப்பைத் தாண்டி நீளும், ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாகும். இழுத்துப் பிடித்திருக்கும்போது தொடர்பு ஒரு நொடித்துளி அறுந்தால் அம்பு பறந்துவிடும். மவுஸின் மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தைக் கூட்ட வழியிருந்தால் சில மாதம் தள்ளலாம், ஆனால் நோய் முற்றிக்கொண்டேதான் போகும். சால்டரிங் தெரிந்தவர் கிடைத்தால் மூன்று கால்கள் கொண்ட அந்தச் சிறு ஸ்விட்சை மட்டும் மாற்றிவிடலாம். புதிதாக வாங்குவதானால் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ளதைப் பாருங்கள். அகச்சிவப்பு ஒளிக்கற்றையை மறைத்தும் விட்டும் அது கிளிக்கைப் பதிவு செய்வதால் துள்ள அங்கே தகட்டுத் தொடர்பு இல்லை.

எந்த மவுஸானாலும் கையில் பிடித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கை முழுவதும் படிய வைத்துப் பிடிப்பவருக்கு உயர்ந்த முதுகு கொண்ட மவுஸ் பொருந்தும். விரல் நுனியால் மட்டும் நகர்த்துபவருக்கு அதே மவுஸ் மணிக்கட்டு வலியைத்தான் தரும்.

வில்லாளி மறுமொழி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டாங்கிள் பின்பக்கத்து யூஎஸ்பி 3 போர்ட்டில், எக்ஸ்டர்னல் டிரைவுக்கு ஒட்டினாற்போல்தான் இருந்தது. நீட்டிப்புக் கேபிளில் மேசைக்குக் கொண்டுவந்ததும் கிராஸ்ஹேர் உறைந்து தாவுவது அறவே நின்றுவிட்டது. ரேம் 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது; எக்ஸ்எம்பியை இயக்கிய பிறகு சராசரி பிரேம் சற்றுத்தான் கூடியது, ஆனால் 1 சதவீத அளவு நன்றாகவே ஏறியிருக்கிறது. கூட்டமான இடங்களில் ஓடும்போது அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஷூட்டர் விளையாட்டில் கார்டின் உழைப்பு 70 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது, கதை விளையாட்டில் 98.

ஆகவே கார்டை இப்போது மாற்றப் போவதில்லை. கீபோர்டு, கன்ட்ரோலர் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும். கூடவே ஒன்று: என் புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அணியினரோடு பேச மைக்கை இயக்கியவுடன் எல்லா ஒலியும் பழைய தொலைபேசியில் கேட்பது போல் மங்கிவிடுகிறது. ஹெட்செட் பழுதா?

விசைவேகம் எழுதியது:

காந்த ஸ்விட்ச் கீபோர்டை நான் தினமும் பயன்படுத்துகிறேன், அதனால் அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். செர்ரி எம்எக்ஸ் ரெட் போன்ற வழக்கமான மெக்கானிக்கல் ஸ்விட்சில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரில் பதிவாகும். அந்த இடம் மாறாது. காந்த ஸ்விட்சில் தண்டின் அடியில் ஒரு காந்தமும் கீழே பலகையில் காந்தப்புலத்தை அளக்கும் ஒரு ஹால் சென்சாரும் இருக்கின்றன. விசை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை சென்சார் ஓயாமல் அளந்துகொண்டே இருப்பதால், எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

உண்மையான பயன் ரேபிட் டிரிகர் என்ற வசதியில் இருக்கிறது. வழக்கமான கீபோர்டில் விசை குறிப்பிட்ட உயரத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் விடுபட்டதாகக் கொள்ளப்படும். ரேபிட் டிரிகரில் விரல் கொஞ்சம் மேலே எழும்பியதுமே விடுபட்டதாகப் பதிவாகிவிடுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் போல, நின்ற பிறகு சுட்டால்தான் குண்டு குறியில் விழும் என்ற விதியுள்ள விளையாட்டுகளில், பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று நின்று சுடுவதற்கு இது வெளிப்படையாக உதவுகிறது. கதை விளையாட்டுகளில் இதனால் எதுவும் மாறாது.

ஓர் எச்சரிக்கை. எதிரெதிர்த் திசை விசைகள் இரண்டும் ஒன்றாக அழுந்தும்போது கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி பல கீபோர்டுகளில் வந்திருக்கிறது. ரேசர் நிறுவனம் அதற்கு ஸ்னாப் டேப் என்று பெயரிட்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் இதைத் தடை செய்துவிட்டது. இயக்கி வைத்திருந்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். எனக்கு அந்தத் தடை நியாயமாகவே படுகிறது. ஒரு விசையை விட்டு மறு விசையைத் தொடும் நேரக்கணக்குதான் அந்த விளையாட்டின் கைத்திறன், அதைக் கருவியிடம் ஒப்படைப்பது முறையல்ல. ரேபிட் டிரிகருக்கு அத்தகைய தடை இல்லை.

கன்ட்ரோலரில் காட்சி தானாக நகர்வதற்குக் காரணம் ஸ்டிக்கின் அடியில் உள்ள பொட்டன்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மீது ஓர் உலோகக் கை உரசிக்கொண்டே இருக்கிறது. தடம் தேயத் தேய, நடுவில் நிற்கும் ஸ்டிக்கும் சாய்ந்திருப்பதாகக் கணினிக்குத் தகவல் போகிறது. விளையாட்டின் அமைப்பில் டெட்சோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கொஞ்சம் கூட்டுங்கள், நகர்வு நிற்கும்; ஆனால் நுண்ணிய அசைவுகளும் அதோடு போய்விடும். அடுத்த கன்ட்ரோலரை காந்தத்தால் நிலையை அளக்கும் ஹால் எஃபெக்ட் அல்லது டிஎம்ஆர் ஸ்டிக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உரசும் பகுதி இல்லாததால் இந்தத் தேய்மானம் அவற்றில் இல்லை. இது புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே காந்த ஸ்டிக்தான் இருந்தது.

மின்னோட்டம் எழுதியது:

கீபோர்டு விஷயத்தில் விசைவேகத்தோடு எனக்குச் சற்று மாறுபாடு உண்டு. வில்லாளி பாதி நேரம் கதை விளையாட்டு ஆடுபவர், அவருடைய மவுஸோ சாகும் நிலையில் இருக்கிறது. முதலில் மவுஸ், அடுத்து கன்ட்ரோலர், அதன் பிறகு மிஞ்சினால் கீபோர்டு என்பதே என் கணக்கு. வேலை செய்யும் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று கையில் இருந்தால் அவசரம் வேண்டாம்.

ஹெட்செட் பழுதில்லை. வழக்கமான புளூடூத்தில் இசைக்கு ஒரு முறையும் பேச்சுக்கு வேறு ஒரு முறையும் இருக்கின்றன. மைக் திறந்தவுடன் இணைப்பு பேச்சு முறைக்கு மாறி, ஒலியின் தரத்தைக் குறைத்துவிடுகிறது. ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு, மைக்குக்கு மட்டும் தனி யூஎஸ்பி மைக் ஒன்றை வைத்துக்கொண்டால் தரம் குறையாது. ஆனாலும் புளூடூத்தில் ஒலி தாமதமாக வருவது அப்படியே இருக்கும், காலடி ஓசையை நம்பி ஆடும் விளையாட்டில் அது இடைஞ்சல்தான். வயர் உள்ள ஹெட்செட்டோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளுடன் வருவதோ இதற்கு ஏற்றது. அந்த டாங்கிளையும் எக்ஸ்டர்னல் டிரைவுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள்.

பிற்பாடு ஷூட்டர் விளையாட்டில் பிரேம் கூட வேண்டும் என்று தோன்றினால், கார்டு 70 சதவீதம்தான் உழைக்கிறது என்பதால் பிராசஸரைத்தான் பாருங்கள். உங்கள் மதர்போர்டு ஏஎம்4 சாக்கெட் கொண்டது. 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருக்கிறது, அதே சாக்கெட்டில் பொருந்தும் 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. பயாஸை அப்டேட் செய்தால் பெரும்பாலான ஏஎம்4 போர்டுகள் அதை ஏற்கும். வாங்கும் முன் உங்கள் மதர்போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.