ப்ராஜெக்ட் பிளான்ல எழுதாம விட்ட அந்த ஒரு வரி: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பிளான்ல எழுதாம விட்ட ஒரு வரி, இல்லைன்னா எழுதியும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வரி, உங்களை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுன்னு எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

2017. கோவையில ஆறு பேர் இருந்த சின்ன கம்பெனி. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துட்டு இருந்தோம். ஜூலை 1-ல வாட் வரி போய் ஜிஎஸ்டி வருது. அந்தத் தேதி எங்க கையிலயும் இல்ல, கஸ்டமர் கையிலயும் இல்ல. அன்னைக்குக் காலையில ஷட்டரைத் தூக்கினா பில்லு புது வரியில வந்தாகணும்.

ஏப்ரல்லயே எக்செல்ல பிளான் போட்டாச்சு. வாட்டை எடுத்துட்டு மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி; கேரளாவுக்குச் சரக்கு போனா ஐஜிஎஸ்டி; பொருளை வகை பிரிக்கிற எச்எஸ்என் கோடு; அரசுக்குக் கணக்குக் காட்டுற ரிட்டர்ன்; ஜூன் 30 ராத்திரி இருப்புக் கணக்கு. எல்லாத்துக்கும் ஆள் போட்டேன், நாள் போட்டேன். பிளான்ல ஒரே ஒரு லைனுக்கு மட்டும் ரெண்டும் காலி: "வரி விகிதம் – ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிச்சதும் போட்டுக்கலாம்." விகிதம் 5, 12, 18, 28ன்னு முன்னாடியே தெரியும். பொருளுக்கு நேரா ஒரு எண்ணை மாத்துற வேலை, அரை நாள் போதும்னு நம்பினேன்.

டீம்ல சேர்ந்து எட்டு மாசமே ஆன பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு: "அண்ணா, வரி பொருளை வச்சு மட்டும்தான் வருமா? வேற எதையாவது வச்சும் வருமா?" பொருளை வச்சுதான்மான்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். அந்தக் கேள்வியை அப்பவே ஒரு வரியா எழுதியிருக்கணும்.

மே 18, 19-ல ஸ்ரீநகர்ல கவுன்சில் கூடிச்சு. பெரும்பாலான பொருளுக்கு விகிதம் வந்துருச்சு, ஜவுளியைத் தள்ளி வச்சுட்டாங்க. அது வந்தது ஜூன் 3, சனிக்கிழமை. ரெடிமேட் துணி, பீஸ் 1,000 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 12.

அதாவது வரி பொருள்ல இல்ல, விலையில உட்கார்ந்திருக்கு. 1,050 ரூபாய் சட்டைக்கு அப்ப 12 சதவீதம். அதே சட்டைக்குக் கடைக்காரர் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தா விலை 945, வரி 5. ஆக தள்ளுபடியைக் கழிச்ச பிறகுதான் எந்த வரின்னே முடிவு பண்ண முடியும். எங்க புரோகிராம்ல நேர்மாறு. பொருளை ஸ்கேன் பண்ணினதுமே வரி வந்து ஒட்டிக்கும், தள்ளுபடி கடைசியில. பில்லோட அடிப்படைக் கணக்கையே பிரிச்சுப் போட்டு மறுபடி எழுதணும். கையில 27 நாள்.

ஞாயித்துக்கிழமை ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஆளைக் கூட்டலாமான்னு பேச்சு வந்துச்சு. வேண்டாம்னு சொன்னேன். புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கவே பழைய ஆள்ல ஒருத்தர் போயிருவாங்க, அந்த 27 நாள்ல அது கட்டுப்படியாகாது. அதனால பிளானைத் தூக்கிட்டு நேரா கஸ்டமர்கிட்டயே போனேன். ஒரு பனியன் கம்பெனி முதலாளி பேப்பரை வாங்கிப் பார்த்துட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, ரிட்டர்னு எனக்கு அடுத்த மாசம்தானுங்களே வேணும்? ஒண்ணாந் தேதி லோடு ஏத்தறப்ப பில்லு வேணும். அதை மொதல்ல பாருங்க."

நான் எல்லா வேலைக்கும் ஜூலை 1-ன்னே கெடு போட்டு வச்சிருந்தேன். உண்மையில ஜூலை 1-க்கு பில்லு மட்டும் போதும். ரிட்டர்னை உடனே பின்னாடி தள்ளினோம். ஜூன் 18 கவுன்சில் கூட்டத்துல முதல் ரெண்டு மாசத்துக்கு ஜிஎஸ்டிஆர்-3பிங்கிற சுருக்கமான ரிட்டர்ன் போதும்னு முடிவானது இன்னும் கொஞ்சம் மூச்சு விட வச்சது.

இன்னொண்ணும் பண்ணினோம். ஒரு தடவை சூடு பட்டாச்சு, விகிதம் இன்னொரு முறை மாறாதுன்னு யார் சொன்னா? ஒவ்வொரு விகிதத்துக்கும் "எந்தத் தேதியிலிருந்து"ன்னு ஒரு கட்டம் சேர்க்க ஒன்றரை நாள் செலவு பண்ணினோம். நெருக்கடியான நேரத்துல அந்த ஒன்றரை நாளைக் கொடுக்க எனக்கு மனசே வரல. ஆகஸ்ட் 5 கூட்டத்துல ஆடை ஜாப் வொர்க்குக்கு, அதாவது அடுத்தவங்க சரக்கை வாங்கிச் செஞ்சு கொடுக்கிற கூலி வேலைக்கு, 18 சதவீதத்தை 5-ஆ குறைச்சாங்க. எங்களுக்கு அது ஒரு வரி டைப் அடிக்கிற வேலையா முடிஞ்சுது.

* * *

அண்ணா, உங்களுக்குத் தெரியாத ஒன்று வந்து இடித்தது. எங்களுக்கு வருடா வருடம் தெரிந்ததே இடித்தது.

2015-ல் சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் பதினோரு பேர் கொண்ட டீமுக்கு லீட் ஆக இருந்தேன். அமெரிக்க வாடிக்கையாளருக்கு மொபைல் ஆப். டிசம்பர் முதல் வாரம் ரிலீஸ். ரிஸ்க் பட்டியல் எங்களிடம் ஒழுங்காகவே இருந்தது: சர்வர் பழுதாகலாம், ஆள் வேலையை விட்டுப் போகலாம், வாடிக்கையாளர் தேவையை மாற்றலாம். அடுத்தவர் ப்ராஜெக்டிலிருந்து எடுத்த பட்டியல். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, வடகிழக்குப் பருவமழை நடுவே ரிலீஸ் வைத்துக்கொண்டு, மழை என்ற சொல்லை எழுதவில்லை. நவம்பரிலேயே ஒரு சுற்று வெள்ளம் வந்து போயிருந்தது, அப்போதும் எழுதவில்லை.

டிசம்பர் 1 இரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் இல்லை, போன் போகவில்லை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். டீமில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. முடிச்சூரில் இருந்த ஒரு டீம் தம்பியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் போனிலிருந்து பேசினான். படகில் அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறான். பேச்சை முடிக்கும்போது அவனாகவே சொன்னான்: "அக்கா, லேப்டாப்பைப் பரண் மேல வச்சுட்டு வந்துட்டேன். அதுலதான் சைனிங் கீ இருக்கு."

அந்தக் கீ, ஆப் எங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையெழுத்து ஃபைல். அது இல்லாமல் ஆப்பின் அடுத்த பதிப்பை வெளியிட முடியாது. அது அவன் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது என்பது டீமில் எல்லோருக்கும் தெரியும். "வேற இடத்துல ஒரு காப்பி வைக்கணும்" என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். பேசினோம், அவ்வளவுதான். அந்த நேரத்திலும் அவன் அதை நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அது அவன் தலையில் இருந்திருக்கவே கூடாத சுமை.

ரிலீஸ் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. வாடிக்கையாளர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் இருக்கும் டீமில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு நாள் ஒதுக்குகிறேன். சீட்டுக் குலுக்கி ஒரு பெயர் எடுப்போம். அந்த ஆள் அன்று வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ரிலீஸை முழுதாகச் செய்து முடிக்க வேண்டும். முதல் வருடம் காலை பத்தரைக்கே நின்றுவிட்டோம்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

* * *

நீங்கள் இருவரும் எழுதியதோடு, நாள் கணக்குப் பற்றி நானும் ஒரு விஷயம் சேர்க்கிறேன். 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது, வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணிக்கும் பெர்ட் (PERT) முறை. ஒரு வேலைக்கு மூன்று கணிப்பு கேட்பார்கள்: எல்லாம் நன்றாகப் போனால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 3, 5, 19 என்று ஒருவர் சொன்னால் 42-ஐ ஆறால் வகுத்து 7 நாள்.

நான் பல வருடம் அந்த 7-ஐ மட்டும் பிளானில் எழுதிவிட்டு, 19-ஐ அழித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பையனிடம் "ஏன்பா 19?" என்று கேட்டேன். "பேங்க் பக்கம் டெஸ்ட் லாகின் தரல சார். அவங்க தந்தா அஞ்சு நாள்." அன்று மாலையே வங்கிக்குப் போன் செய்தோம். படிவம் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது. நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

* * *

நன்றி சார். அந்த 19-ஐ அழிக்காம வைக்கிறதுதான் நான் 2017-க்குப் பிறகு கத்துக்கிட்டதும்.

அக்கா, பரண் மேல இருந்த லேப்டாப்பைப் படிச்சதும் கொஞ்ச நேரம் கையே ஓடல.

எங்க ஷீட்ல இப்ப எப்படி எழுதுறோம்னு இன்பாக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. முடிவாகாத விஷயம் ஒவ்வொண்ணுக்கும் மூணு கட்டம்: யார் சொல்லணும், எந்தத் தேதிக்குள்ள சொல்லணும், அந்தத் தேதி தாண்டிட்டா அவங்களுக்குக் காத்திருக்காம நாம என்ன செய்யறோம். மூணாவது கட்டம் காலியா இருந்தா அந்த வாரக் கூட்டத்தை முடிக்க மாட்டோம். அதை நிரப்பற பொறுப்பு அன்னைக்குக் கேள்வி கேட்ட அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. இப்ப எங்க டீம் லீடே அவங்கதான்.

ஷீட்டை கஸ்டமருக்கும் காட்டுவோம். பயந்துருவாங்களோன்னு முதல்ல எனக்குத் தயக்கம். அந்தப் பனியன் கம்பெனி முதலாளிகிட்ட முதல் தடவை காட்டினப்ப, பேனாவை வாங்கி அடியில அவரே ஒரு வரி சேர்த்தார்: "தீபாவளி லோடு போற மாசம் பில்லுல எதையும் மாத்தக்கூடாது." அது எங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கும் தோணல.