உப்பைக் குறைத்தும் சாம்பார் ருசிக்க வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதம்கூட வருவதில்லை!

குழம்பிலும் பொரியலிலும் பாதியாகக் குறைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் எழுந்துபோய் மாவடு ஜாடியைத் திறந்தார். குறைத்ததெல்லாம் அங்கே போச்சு. அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் இதே கதைதான்.

இப்போது ரசத்தில் மிளகு, சீரகம் தூக்கலாகப் போடுகிறேன். பொரியலை இறக்கியதும் எலுமிச்சை பிழிந்து தேங்காய்ப்பூ தூவுகிறேன். இரண்டும் பாஸ். சாம்பார்தான் சப்பென்று இருக்கிறது. புளியைக் கூட்டினால் உப்பு இன்னும் கேட்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், தயிர் சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதிலாக, உப்பு அதிகமில்லாமல் சுருக்கென்று இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். அது கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சோடியம் குறைந்த உப்பை மட்டும் சொல்ல வேண்டாம். அதில் பொட்டாசியம் இருப்பதால் கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவேன்.