தறிச் சத்தத்தில் தூங்கியவரை எழுப்பிய ஃபேன்: கம்ப்யூட்டர் கூலர் அனுபவங்கள்

அல்சூர்:

பெங்களூருவில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து, அப்புறம் அதன் சத்தத்தோடு மல்லுக்கட்டியவர்கள் உங்கள் ஏரியா பெயரைப் போட்டு உங்கள் கதையை எழுதுங்கள். முதலில் என்னுடையது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஒரே படுக்கையறை உள்ள வீடு. அந்த அறையில் அப்பாவின் கட்டில், அதற்கு நாலடி தள்ளி என் மேசை. பகலில் ஆபீஸ், ராத்திரியில் கல்யாண வீடியோ எடிட்டிங். அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு 'என்ன' வராது, 'இன்னா'தான். அவரோடு வேலை பார்த்த பலருக்குக் காது மந்தமாகிவிட்டது. இவருக்கு மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. அதுதான் எனக்குப் பிரச்சினை.

ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி ராம் புதிதாக வாங்கினேன். கேபினட், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மூன்றும் பழசு. இந்தப் பிராசசர் பெட்டியிலேயே ரெய்த் ஸ்டெல்த் என்ற சின்னக் கூலர், அதாவது பிராசசரின் சூட்டைத் தணிக்கும் ஃபேன் வரும். பெயரில்தான் பதுங்கல் (ஸ்டெல்த்). வீடியோவை ரெண்டர் போட்டதும் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) சூடு 95 டிகிரியைத் தொடும், ஃபேன் அலறும். 95 என்பது இந்த பிராசசருக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனி வைத்திருக்கும் எல்லை; அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கெட்டுப்போகாது. ஆனால் அப்பாவின் தூக்கத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை.

நண்பன் ஒருவனிடம் நாக்டுவா என்எச்-டி15 என்ற பெரிய கூலர் சும்மா கிடந்தது. ஃபேன்களோடு 1.3 கிலோ, கோயில் கோபுரம் மாதிரி இரட்டை அடுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டினேன். கடைசியில் பக்கக் கண்ணாடியைச் சாத்தப் போனால் சாத்தவில்லை. கூலரின் உயரம் 165 மி.மீ. என் கேபினட்டின் அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன்: 'அதிகபட்ச கூலர் உயரம் 163 மி.மீ.' இரண்டே மி.மீ.! டெம்பர்டு கண்ணாடி என்பதால் அழுத்திப் பார்க்கவும் பயம். நாலு நாள் கண்ணாடி இல்லாமல் ஓட்டினேன். உள்ளே இருந்த சத்தமெல்லாம் நேராக அப்பாவின் கட்டிலுக்குத்தான் போனது, கூடவே ரோட்டுப் புழுதி உள்ளே வந்தது. கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்பி ரோடு. சாதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப்பெயர், அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். நான் நுழைந்த முதல் கடையில் "ரைசனுக்கு லிக்விட் கூலர் போடலேன்னா கருகிடும் சார்" என்று பாதி கன்னடம் பாதி இந்தியில் பயமுறுத்தினார்கள். 65 வாட் பிராசசர் அது. மதர்போர்டு முழு வேகத்தில் விட்டாலும் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. அதைத் தணிக்க மூன்று ஃபேன் வைத்த தண்ணீர்க் கூலர் என்பது இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு அண்டாவில் சோறு வடிப்பதுதான். அடுத்த கடையில் பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். பில் இல்லாமல் வாரண்டிக்கு எங்கே போய் நிற்பது? மூன்றாவது கடையில் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற கூலர் பில்லோடு நாலாயிரத்துக்குள் கிடைத்தது. சூட்டைக் கடத்தும் ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மி.மீ. ஃபேன், உயரம் 155 மி.மீ. இந்த முறை கையில் இன்ச் டேப்போடு போயிருந்தேன்.

மாட்டினேன். ரெண்டரில் சூடு எழுபதுகளிலேயே நின்றுவிட்டது. வெற்றி என்று நினைத்துப் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"டேய், தறி ஓடறப்போ நான் நின்னுக்கினே தூங்குவேன். அது ஒரே மாதிரி கத்தும். இது இன்னாடா, ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது... ஆஸ்துமாக்காரன் பக்கத்துல படுத்த மாதிரி இருக்குது."

நான் நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான். சத்தத்தின் அளவு அல்ல, அது மாறுவதுதான் தூக்கத்தைக் கலைக்கிறது. இந்த பிராசசர்களில் ஒரு சின்ன வேலை வந்தாலே சூடு ஒரு நொடியில் 15, 20 டிகிரி குதிக்கும், அடுத்த நொடி இறங்கிவிடும். மதர்போர்டோடு வரும் ஃபேன் கர்வ், அதாவது எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கு, அந்தக் குதியலுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. அவ்வளவு பெரிய ஹீட்சிங்க் (கூலரில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகள்) சூடேற நிமிஷக்கணக்கில் ஆகும். ஒரு நொடிக் குதியலுக்கு ஃபேன் பதறவே வேண்டியதில்லை.

பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் மாற்றினேன். 70 டிகிரி வரைக்கும் ஒரே வேகம், நிமிஷத்துக்கு 700 சுற்று. 80-ல் 1100. அதற்குமேல் போனால் மட்டும் முழு வேகம். வேகம் ஏறும்முன் சில நொடி பொறுக்கும்படி 'ஸ்டெப் அப்' நேரத்தையும் கூட்டினேன். செலவு பூஜ்யம். பழைய ஸ்டெல்த் கூலரிலேயே இதைச் செய்திருந்தால் எடிட்டிங் நேரம் தவிர மற்ற நேரத்துக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும் என்பது இப்போது உறைக்கிறது. ஆனால் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்குகிறவனுக்குப் பெரிய ஹீட்சிங்க் வேண்டும்தான், அதனால் அந்த நாலாயிரத்துக்கு நான் வருத்தப்படவில்லை.

ஒரு கணக்கு. ஃபேனின் சுற்றைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குப் பாதியாகத் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபலை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவரும் அளக்கும் விதம் வேறு. அதைவிட, பெரிய கூலரை வாங்கி மெதுவாக ஓட்டுங்கள்.

இன்னொன்று, சும்மா சுவாரசியத்துக்கு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்று சென்னையைவிட எட்டொன்பது சதவீதம் லேசு, அதே சுற்றில் ஃபேன் இழுத்துப்போகும் சூடும் அந்த அளவுக்குக் குறைவு. இருந்தாலும் சென்னையின் மே மாத அறைச்சூட்டை நினைத்தால் நாம்தான் லாபத்தில் இருக்கிறோம்.

பானஸ்வாடி:

அண்ணா, உங்களுடையது 2 மி.மீ. என்னுடையது அரை மி.மீ.கூட இருக்காது. நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுக் கூலர் மாட்டினேன். சும்மா இருக்கும்போதே 65 டிகிரி, ஒரு கேம் திறந்தால் நேராக 95. கூலர் பழுது என்று முடிவுகட்டி, கேபினட்டோடு ஆட்டோ ஏற்றி எஸ்பி ரோட்டுக்குக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. கடைப் பையன் ஒருவன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினான், கூலரைத் திருப்பினான், அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்து மேசைமேல் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் படலத்தில் 'உரித்த பிறகு மாட்டவும்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

அவனிடம் கற்றுக்கொண்ட ஒன்று. ஏஎம்4 சாக்கெட் உள்ள பழைய போர்டில் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்கக் கூடாது. நடுவில் தடவும் சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடேற்றி, மெஷினை அணைத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் பிராசசரை இரும்புச் சட்டம் பூட்டி வைத்திருப்பதால் இந்தப் பயம் இல்லை.

ஒயிட்ஃபீல்டு:

மேலே ஒருவர் அண்டாவில் சோறு வடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அந்த அண்டாவை வாங்கியவன் நான்தான்.

மூன்று ஃபேன் இல்லை, இரண்டு ஃபேன் வைத்த 240 மி.மீ. தண்ணீர்க் கூலர். முதல் வாரம் அமைதி. அப்புறம் ஸ்விட்ச் போட்டவுடன் 'களக் களக்' என்று ஒரு சத்தம், யாரோ சொம்பில் தண்ணீர் கவிழ்ப்பது போல. என் மனைவி குளியலறைக் குழாய் என்று நினைத்து பிளம்பரையே கூப்பிட்டுவிட்டார். விஷயம் என்னவென்றால், தண்ணீரின் சூட்டை வெளியே விடும் ரேடியேட்டரை நான் கேபினட்டின் அடியில் வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று எப்போதும் மேலேதான் போகும். மேலே இருந்தது பம்ப். பம்புக்குள் காற்று புகுந்தால் சத்தம் மட்டுமல்ல, அதன் ஆயுளும் குறையும். ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரைக்கு மாற்றினேன், சாயங்காலத்துக்குள் களக் நின்றது.

ஆனால் பம்பின் மெல்லிய ரீங்காரம் இன்றும் இருக்கிறது. பகலில் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் கொசு மாதிரி. தண்ணீர் இல்லாத டவர் கூலரில் கெட்டுப்போக ஃபேன் ஒன்றுதான் உண்டு, 500, 600 ரூபாயில் வேறு மாட்டலாம். இதில் பம்ப் போனால் முழுசும் போச்சு.

சிவாஜிநகர்:

நான் எதுவும் வாங்கவில்லை. மூன்று வருஷமாகத் திறக்காத கேபினட்டைத் திறந்தேன், ஹீட்சிங்க் முழுக்கக் கம்பளி மாதிரி தூசி. மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் பிளோயர் அடித்தேன். அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். பயாஸில் ஈகோ மோடு, அதாவது பிராசசர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் செட்டிங், போட்டேன். பழைய சத்தத்தில் கால்வாசிகூட இல்லை. அவ்வளவுதான் என் கதை.

பிடிஎம்:

நான் வீட்டிலிருந்து குழந்தைகளுக்கான கதைகளைக் குரலில் பதிவு செய்கிறேன். உங்கள் அப்பாவுக்குக் கேட்காத சத்தமும் என் மைக்குக்குக் கேட்கும். 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்று ஆரம்பித்தால் ராஜாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஹூம்ம்.

கூலர், ஃபேன், நுரைப் பஞ்சு என்று எல்லாவற்றுக்கும் செலவு செய்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட என் கேபினட்தான் பாதிக் குற்றவாளி என்று பிறகு தெரிந்தது. காற்று நுழைய வழியே இல்லாவிட்டால் எந்தக் கூலரும் மூச்சுத் திணறத்தான் செய்யும். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், முன்பக்கம் சல்லடைக்கண் வலை இருப்பதை வாங்குங்கள்.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளும் அதே நீள யுஎஸ்பி கேபிளும். கேபினட்டை ஹாலில் வைத்துவிட்டேன், கேபிள் கதவுக்கு அடியில் வருகிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அந்த அளவுக்குக் குறையாது, ஆனால் நடுவில் ஒரு கதவு இருந்தால் அந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. ஒரே தொல்லை, பவர் பட்டனை அமுக்க எழுந்து போக வேண்டும். என் மாமியாரைப் பழக்கிவிட்டேன். "கம்ப்யூட்டருக்கு விளக்கு ஏத்திட்டேன்மா" என்று ஹாலிலிருந்து குரல் கொடுப்பார்.

பானஸ்வாடி:

அக்கா, கேபினட் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. அல்சூர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி: என் ராமில் உயரமான கலர் லைட் தகடு இருக்கிறது. உங்கள் கூலரின் முன் ஃபேன் அதில் இடிக்குமா?

அல்சூர்:

தம்பி, என் ராம் தட்டையானது, அதனால் இடிக்கவில்லை. உயரமானதாக இருந்தால் முன் ஃபேனைக் கம்பி கிளிப்போடு கொஞ்சம் மேலே தூக்கி மாட்டலாம். ஆனால் தூக்கிய அளவையும் சேர்த்து மொத்த உயரத்தைப் பார்த்துக்கொள். 163-ல் அடிபட்டவன் சொல்கிறேன்.

ஒயிட்ஃபீல்டுக்காரருக்கு நடந்த மாதிரி எனக்கும் ஒரு சத்தம் போனதும் அடுத்தது வந்தது. ஃபேன் அடங்கியபிறகு பழைய ஹார்ட் டிஸ்க் கேபினட் தகட்டை அதிரவைப்பது கேட்க ஆரம்பித்தது. இப்போது அது இரண்டு ரப்பர் வாஷர்மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது ஒரே மாதிரி ஓடுகிறதாம்.

நாக்டுவாவை நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஃபேன் மாட்டும் கம்பி கிளிப் ஒன்று குறைகிறது என்கிறான். கட்டிலுக்கு அடியில்தான் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். நான் குனிந்து தேடுகிறேன், அப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறார்.