கலைச்சொல் விவாதம்: உருமாறி பொம்மைகளில் ‘கிப்பிள்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பொம்மைச் சொற்பட்டியலில் ‘உருமாறி’ போன மாதமே முடிவாகிவிட்டது. வண்டியாகவும் ஆளாகவும் மாறுகிற பொம்மை உருமாறி, கோளாக மாறுவது கோளுருமாறி. உருண்டையாக இருப்பதெல்லாம் கோளம், வானத்தில் சுற்றுவது கோள் என்று பிரித்துக்கொண்டதும் நல்லதே. முடியாமல் நிற்பது ‘கிப்பிள்’ மட்டும்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. ஒரு உருவத்துக்கு வேண்டிய பாகம் மற்ற உருவத்தில் வேலையில்லாமல் வெளியே தெரிந்தால், பொம்மை சேகரிப்பவர்கள் அதைக் கிப்பிள் என்கிறார்கள். ஆளாக மாறிய பிறகும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் கார்க் கதவு ஒரு உதாரணம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நாய், பூனைக்குப் போடும் உலர்தீனி என்றுதான் பொருள். மொழிபெயர்த்தால் ஒன்றும் தேறாது. நாமே செய்துகொள்ள வேண்டிய சொல்.

பிள்ளையார் நோன்புக்கு எங்கள் ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்) கோலாலம்பூரிலிருந்து மகனோடு காரைக்குடி வந்திருக்கிறார். பையன் கையில் ஒரு கோளுருமாறி. மூடினால் 15 செ.மீ. விட்டமுள்ள உருண்டை. வளவில் உட்கார்ந்து ஆத்தங்குடிக் கல் தரையில் அதை உருட்டிவிட்டான். நேராக ஓடவில்லை. டக், டக் என்று தத்தித் தத்திப் போய்த் தூணோரம் நின்றது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஓடுகள் சேரும் இடத்தில் ஒன்று நகக்கனம் தூக்கிக்கொண்டிருந்தது. காராக இருந்தால் இந்தத் தூக்கலை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். காரில் ஏற்கெனவே கோடும் மூலையும் நிறைய. உருண்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் விளிம்பு வட்டமாகத்தான் தெரிய வேண்டும், அதனால் ஒளிந்துகொள்ள மூலை கிடையாது.

பிறகு அவனே அதை ஆளாக மாற்றி நிறுத்தினான். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினான், மறுபடி விழுந்தது. “அம்மான், இவனுக்கு முதுகுல மூட்டை. அதான் நிக்க மாட்டேங்கிறான்” என்றான். திருப்பிப் பார்த்தால் முதுகில் நாலு வளைந்த ஓடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன.

நான் பிளாஸ்டிக் மோல்டு வேலையில் இருபது வருடம் இருந்தவன். அந்த மூட்டை ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லாமல் சொல் தேட எனக்கு மனமில்லை.

15 செ.மீ. உருண்டையின் மேற்பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாள் 624 தான். அதாவது ஒரு முழுத்தாளுக்கும் அதிகமான ஓட்டுப் பரப்பை, ஆளாக நிற்கும்போது அந்த ஆளின் மேலேயே எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். தாளாக இருந்தால் மடித்துவிடலாம். உருண்டையின் தோலைக் கிழிக்காமல், இழுக்காமல் தட்டையாக விரிக்கவே முடியாது என்று கவுஸ் 1827 இல் நிறுவியிருக்கிறார். தேங்காய் துருவிப் போட்ட சிரட்டையை உடைத்து ஒரு சில்லைத் தரையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த அது விரியாது, உடையும்.

சரி, தட்டையாக்க வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடலாமே என்று தோன்றும். நம் வீடுகளில் கல்யாணச் சீராக வந்த அடுக்குப் பாத்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுற்றுச் சின்னது, அதனால்தான் கச்சிதமாக உள்ளே இறங்குகிறது. ஒரே கோளின் ஓடுகளுக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் ஒரே ஆரம். ஒன்றின் வெளிவளைவு இன்னொன்றின் உள்வளைவைவிடப் பெரியது, அதனால் விளிம்பில் முட்டி நடுவில் இடைவெளி விழும். நாலு ஓடு அடுக்கினால் அந்த இடைவெளி மூன்று முறை சேரும். பையன் சொன்ன மூட்டை அதுதான்.

உள்ளே இருக்கும் ஆளின் பாடும் லேசில்லை. நெஞ்சும் தொடையும் பெட்டி மாதிரிப் பாகங்கள். ஓர் உருண்டைக்குள் அடங்கும் மிகப் பெரிய கனசதுரம் அந்த உருண்டையின் கொள்ளளவில் 37 விழுக்காடுகூட இல்லை. மீதி இடமெல்லாம் ஓட்டுக்கு உட்புறம் பிறை பிறையாகக் கிடக்கும். அங்கே விரல், பாதம் என்று சின்ன உறுப்புகளைத்தான் சொருக முடியும்.

கோளுருமாறிகளில் பெயர் பெற்றது யூனிக்ரான். கோள்களை விழுங்கும் கோளாக 1986 இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தில் திரையில் வந்தது. அப்போதே பொம்மைக்கு மாதிரிகள் செய்து பார்த்தும் கடைக்கு வரவில்லை. முதல் பொம்மை கடைக்கு வந்தது 2003 இல். 2019 இல் ஹாஸ்புரோ பொம்மை நிறுவனம், 8,000 பேர் ஆளுக்கு 575 டாலர் முன்கூட்டியே கட்டினால் செய்கிறோம் என்று அறிவித்து, அந்த எண்ணிக்கை சேர்ந்த பிறகு 27 அங்குல உயரத்தில் ஒன்றைச் செய்தது. எடை 8 கிலோவுக்கும் மேல். அளவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு ஏறும், மூட்டின் குறுக்குப் பரப்போ நாலு மடங்குதான். பெரிய கோளுருமாறியில் முதுகு ஓடு அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, இடுப்பு மூட்டையே தளர்த்திவிடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். குழுவில் இதுவரை வந்தவை இரண்டு. ‘மிகையுறுப்பு’ எனக்குச் சரிப்படவில்லை. மிகை என்றால் கழித்துவிடலாம் என்று பொருள்படும். இந்த ஓட்டைக் கழித்தால் கோளே இல்லை. ‘தொங்குறுப்பு’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் தொங்குவதில்லை, பாதி இறுக்கிக் கவ்விக்கொண்டிருக்கும். நான் முன்வைப்பது ‘ஓட்டுச்சுமை’. ஓடு, அதன் சுமை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து,
மோல்டு வேலைக்காரன்

———

அன்புள்ள தம்பிக்கு,

சிரட்டைச் சில்லை நானும் அழுத்திப் பார்த்தேன். உடைந்துவிட்டது.

ஆனால் ஓட்டுச்சுமை வேண்டாம் என்பது என் எண்ணம். ஒன்று, முதல் பார்வையில் தேர்தல் ஓட்டு என்று படிக்கிறது. வண்டி ஓட்டு என்றும் படிக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். சுமை என்பது குறை சொல்லும் சொல். கலைச்சொல் பொருளைக் காட்டினால் போதும், தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. வடிவமைப்பாளர் கெட்டிக்காரராக இருந்தால் அதே ஓட்டை இறக்கையாகவோ கேடயமாகவோ ஆக்கிவிடுவார் அல்லவா? அப்போதும் சுமை என்று சொல்வீர்களா?

முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவள் என்பதால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ‘வந்த’ என்று சொல்லி நிறுத்தினால் காது அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். வந்த பையன், வந்த வண்டி. ஒரு பெயர் வந்தால்தான் அது முடியும், அதனால் பெயரெச்சம். ‘வந்து’ என்றால் ஒரு வினை வந்தால்தான் முடியும், அதனால் வினையெச்சம். எச்சம் என்பது குப்பையைக் குறிப்பதில்லை, முடிவுக்காகக் காத்து நிற்பதைக் குறிக்கிறது. நீங்கள் சொல்லும் முதுகு ஓடும் அப்படித்தானே நிற்கிறது? ஆளின் மேல் இருக்கும்போது அது முடியாத துண்டு. கோள் என்ற உரு வந்தால் அங்கே போய் முடியும்.

அதனால் ‘உருவெச்சம்’ என்று வைக்கலாமா?

பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். பெயரெச்சம் படிக்கும் எந்தப் பிள்ளையும் வகுப்பில் பறவையை நினைத்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. தொல்லுயிர் எச்சம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம், அதையும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தேவகோட்டையிலிருந்து,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை

———

அன்புள்ள அம்மா,

ஓட்டுச்சுமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உருவெச்சத்தை இரண்டு நாளாக வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கும் இடறவில்லை.

எனக்கு அதில் பிடித்தது, இரண்டு திசையிலும் பொருந்துகிறது. ஆளின் முதுகில் தெரியும் கோள் ஓடு கோளெச்சம். கோளின் அடிப்பக்கத்தில் விரல் நுனி எட்டிப் பார்த்தால் அது ஆளெச்சம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கிப்பிள் என்ற ஒரே சொல்தான். எது எந்த உருவைத் தேடி நிற்கிறது என்பதையும் நம் சொல் காட்டிவிடுகிறது.

இறக்கை, கேடயம் பற்றி நீங்கள் கேட்டதும் சரி. பாக்குகன் என்று 2007 இல் வந்த உருண்டை விளையாட்டு உண்டு. கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டை. உள்ளே ஒரு வில். காந்தத்தால் பூட்டைத் தட்டிவிடும் அட்டையில் உருட்டினால் பட்டென்று விரிந்து ஒரு விலங்கு நிற்கும். அதில் ஓட்டை ஒளிக்கும் முயற்சியே பெரும்பாலும் கிடையாது. ஓடுதான் விலங்கின் முதுகு, ஓடுதான் இறக்கை. நம் காடுகளில் அழுங்கு (எறும்புதின்னி) சுருண்டுகொள்வதும் அதே வழி. செதில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வழுக்குவதால், நீட்டினால் உடம்பு, சுருண்டால் உருண்டை. எச்சம் என்று எதுவும் நிற்பதில்லை. இதை ‘எச்சமில் உருமாறி’ என்று சொல்லலாம். ஆளின் கையும் காலும் நீளமாக வேண்டும், முதுகும் தட்டையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போதுதான் கோளெச்சம் பிறக்கிறது.

பட்டியலில் சேர்க்க ஒரு எடுத்துக்காட்டு வரி எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்: ‘கோளெச்சத்தை முதுகில் சேர்க்காமல் இரண்டு கெண்டைக்காலிலும் பிரித்து வைத்ததால் பொம்மை சாயாமல் நிற்கிறது.’

வெறும் வரிக்காக எழுதியதில்லை. நேற்று பையனுடைய பொம்மையில் தூக்கி நின்ற ஓட்டின் கீலை உப்புத்தாளால் ஒரு இழை தேய்த்தேன். முதுகில் மடிந்திருந்த நாலில் இரண்டைக் கழற்றி, காலுக்குப் பின்னால் இருந்த துளையில் மாட்டிப் பார்த்தோம். நின்றது. உருட்டினால் இன்னும் லேசாகத் தத்துகிறது, ஓடுகள் சேரும் அந்தத் தையலை என்னால் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை.

அவனிடம் சொல்லையும் சொன்னேன். “அப்ப மூட்டை இல்லையா?” என்றான். மூட்டைதான், ஆனால் உருண்டையாகும்போது அது வேண்டுமே என்றேன். சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தது பந்துமூட்டு. பள்ளிப் புத்தகத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று இருக்கிறது. பொம்மைக்கும் அதுவே போதுமா, இல்லை சுருக்கலாமா என்று குழுவில் கேட்டுச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து,
மோல்டு வேலைக்காரன்