கடையின் பெயரைப் போட்டது தவறா?

எதிர்காற்று:
சைக்கிள் பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான். 80 கிலோமீட்டர், அமெச்சூர் பிரிவு. பொள்ளாச்சியில் கிளம்பி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று வாரம் மூன்று நாள் மிதிக்கிறேன். ஆடிக் காற்றில் மேற்கு நோக்கி மிதிப்பதைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சமதரையையே மலையேற்றமாக ஆக்கிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் முழு சர்வீஸ் கொடுத்தேன். 1,800 ரூபாய். நான்காம் நாள் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதுதான் தாமதம், ஹேண்டில்பார் அப்படியே முன்னால் சுழன்று சரிந்தது. முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் போயிற்று. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். அதில் பாரைப் பிடித்திருக்கும் மூடியைப் பார்த்தால் மேல்பக்கம் நகம்கூட நுழையவில்லை. கீழ்ப்பக்கம் இரண்டு நாணயத்தை அடுக்கிச் செருகலாம். 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்று ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கிறது. அந்த முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் அந்தக் கடையில் சுவரில் தொங்கியதைப் பார்த்தேன். யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கடைப் பெயரோடு இணையத்தில் எழுதினேன். நேற்று தொலைபேசியில் மிரட்டல்: நீக்கு, இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்கு. நீக்க வேண்டுமா?

பழைய செயின்:
22 ஆண்டாகச் சைக்கிள் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். முதலில் அந்த இடைவெளி விஷயம். சில ஸ்டெம்களில் மேல் போல்ட்டுகளை முழுக்க மூடிவிட்டுக் கீழேதான் இடைவெளி விடவேண்டும். செய்முறைத் தாளைப் பார்த்தீர்களா? இரண்டாவது, நான்கு நாள் ஓட்டி, பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் பார்த்த போல்ட், கடையைவிட்டு வந்தபோது எப்படி இருந்தது என்று சொல்லாது.

பெரிய நிறுவனத்தை ஒருவர் திட்டினால் ஆயிரம் பாராட்டுக்கு நடுவில் அது காணாமல் போகும். சிறு ஊர்க் கடைக்கு இணையத்தில் இருப்பதே பத்துப் பதினைந்து கருத்துகள். உங்கள் ஒரு பதிவு அவன் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றும்.

வாளையார் வரை:
அப்படியானால் அடுப்பைக் காப்பாற்ற முழங்கையைக் கொடுக்க வேண்டுமா, அண்ணா? 40 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டமாகப் போகும்போது அது நடந்திருந்தால் பின்னால் வந்த பத்துப் பேரும் விழுந்திருப்பார்கள். முடிவெட்டியவர் சரியாக வெட்டவில்லை என்ற புகார் இல்லை இது.

ஆனால் எதிர்காற்று, உங்களையும் கேட்கிறேன். பந்தயத்துக்கு இரண்டு வாரம் கூட இல்லாதபோதா முழு சர்வீஸ் கொடுப்பது? மூன்று வாரம் முன்பே கொடுத்து, இரண்டு நீண்ட ஓட்டம் ஓட்டி, மறுபடி எல்லா போல்ட்டையும் பார்ப்பதுதான் வழக்கம். கடைசி வாரத்தில் செருப்பைக்கூட மாற்றக்கூடாது.

குமாஸ்தா:
வழக்கு என்றதும் நடுங்க வேண்டாம், இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். அவதூறு இந்த நாட்டில் இன்றும் குற்றம்தான். இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகளாக இருந்தது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. நிறுவனத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் முதல் விதிவிலக்கே, உண்மையாகவும் பொதுநன்மைக்காகவும் சொன்னது அவதூறாகாது என்பதுதான். இணையப் பதிவுகளுக்கு எதிராகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவைச் சொல்லி யாராவது மிரட்டினால் சிரியுங்கள், 2015இலேயே அது செத்துவிட்டது.

உங்கள் பதிவைப் படித்தேன். "ஹேண்டில்பார் சுழன்றது" என்பதற்கு நீங்களே சாட்சி. "வேண்டுமென்றே ஏமாற்றினார்கள்" என்பதற்கு யார் சாட்சி? அந்த ஒரு வரிதான் உங்களைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தும்.

எதிர்காற்று:
செய்முறைத் தாளைத் தேடிப் பார்த்தேன். பழைய செயின் சொன்னது சரி. என் ஸ்டெம்முக்கு மேலே மூடித்தான் இருக்க வேண்டும். இடைவெளி பற்றிய வரியை எடுத்துவிட்டேன். பார் சுழன்றது மட்டும் மாறவில்லை.

குமாஸ்தா, டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் டாடாவைக் கேலிசெய்த, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆமை இணைய விளையாட்டுக்கே தடைவிதிக்க மறுத்ததே?

பழைய செயின்:
அங்கே யானையைச் சீண்டியது கொசு. இங்கே யானை யார்?

வாளையார் வரை:
நீங்கள் பதிவில் போட்ட பில்லின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலையாளத்தில் ஒரு முத்திரை: "50 கிலோமீட்டர் ஓட்டியபின் கொண்டுவரவும், இலவசமாக மறுபரிசோதனை." நான்கு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள்?

எதிர்காற்று:
210. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.

பழைய செயின்:
ஆயிற்று! கடைக்காரன் எச்சரித்திருக்கிறான், அதைப் பதிவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதியை மட்டும் சொன்னால் அதற்கு உண்மை என்று பெயரா?

வாளையார் வரை:
அவ்வளவு அவசரம் வேண்டாம். அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். சுற்றிலும் தமிழ்ப் பள்ளிகள் நடக்கிற ஊர். பணம் வாங்கும்போது தமிழில் பேசுகிறவர், எச்சரிக்கையை மட்டும் ஏன் ஒரே மொழியில் அடிக்கிறார்? வாயால் ஒரு தடவை சொன்னாரா? அதுவும் போக, சரியாக முறுக்கிய போல்ட் 210 கிலோமீட்டரில் இப்படிக் கைவிடுமா? உங்கள் 22 ஆண்டு அனுபவத்தில் எத்தனை பார்த்தீர்கள்?

பழைய செயின்:
கைவிடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெயரைப் போடுவதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்க் கேட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் கடைக்கு வந்து கத்தினால் அது மரியாதை. ஊரெல்லாம் எழுதிவிட்டுக் கடைப்பக்கம் வராமல் இருப்பது வேறு.

குமாஸ்தா:
நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். வக்கீலும் தேவையில்லை. இதைச் சொல்வதால் எனக்குத்தான் நஷ்டம்.

எதிர்காற்று:
இன்று மாலை கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். மிரட்டியது உரிமையாளரின் மைத்துனராம். "வேண்டுமென்றே" என்ற வரியை எடுத்தேன். முத்திரையில் இருப்பதையும், எனக்குப் படிக்க வராததையும் சேர்த்தேன். கடைப் பெயரை எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. அதை உரிமையாளரிடமே சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். சுவரில் இருக்கும் ரெஞ்சை வைத்து என் கண் முன்னால் முறுக்கவேண்டும் என்றேன். சரி என்றார்.

பழைய செயின்:
அந்த ரெஞ்சைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார் என்று கேளுங்கள்.