கண்வலிக்கிழங்கில் இலைக்கருகல்: செடிக்கே எதிர்ப்புச் சக்தி கூட்ட முடியுமா?

மூலனூர்க்காரன்:
ஒரு ஏக்கர் கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்), கம்பிப் பந்தல், சொட்டுநீர். ஐப்பசி மழை பிடிச்சதும் இலையில பழுப்புப் புள்ளி விழுந்து, வட்டத்துக்குள்ள வட்டமா விரிஞ்சு கொடியே காஞ்சிடுது. மேங்கோசெப் பூஞ்சாணக்கொல்லி அடிச்சா அடுத்த மழையில கழுவிட்டுப் போயிடுது. சூடோமோனாஸ் கொடுத்தா செடியே தாங்கிக்கும்னு சொல்றாங்க. எப்போ, எவ்வளவு கொடுக்கணும்?

செடிநோய்:
வட்டத்துக்குள் வட்டம் என்றால் பெரும்பாலும் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வேரில் குடியேறி, செடியை உஷார்படுத்தி வைக்கிற பாக்டீரியா. அதன்பின் பூஞ்சை இலையில் இறங்கினால் பீனால், பெராக்ஸிடேஸ், பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் போன்ற தற்காப்புப் பொருள்கள் எல்லாம் வேகமாகச் சுரக்கும். இந்த உஷார் ஏற சில நாள் பிடிக்கும். புள்ளி விழுந்த இலையை அது மீட்காது. அதனால் நடவிலேயே தொடங்குங்கள்.

ஆடியில் நடும்போது லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் கரைத்து, கிழங்கை அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். கிழங்கின் நுனி மொட்டு ஒடிந்தால் முளைக்காது, கூடையோடு முக்கி எடுப்பது நல்லது. கையுறை கட்டாயம், கிழங்கு முழுக்க கோல்சிசின் விஷம். ஏக்கருக்கு 1 கிலோவை 25 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூரில் போடுங்கள். நட்ட 30ஆம் நாளிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 5 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனைய.

கொடிப்பந்தல்:
பலருக்கு இது பலிக்காததுக்குக் காரணம் மருந்து தெளிக்கிற டேங்க். காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற செம்புப் பூஞ்சாணக்கொல்லி அடிச்ச டேங்கைச் சரியாக் கழுவாம இதை ஊத்தினா பாக்டீரியா செத்துடும். காலாவதியான பாக்கெட், கடையில வெயில் பட்ட பாக்கெட், ரெண்டும் பாக்டீரியா செத்துப்போன வெறும் டால்க் மாவுதான். கரைசலைத் துணியில வடிகட்டுங்க, இல்லைன்னா நாசில் அடைக்கும். சாயங்காலம்தான் அடிக்கணும். பூ இருக்கும்போது காலையில அடிச்சா, நாம கையால பூவுல தொட்டு வச்ச மகரந்தமும் கழுவிப் போயிடும்.

யூரியாவையும் குறைங்க. தளதளன்னு இருக்கிற இலைதான் முதல்ல கருகும்.

மூலனூர்க்காரன்:
நன்றிங்க. சாலிசிலிக் அமிலம், கைட்டோசன் பத்தியும் பேசுறாங்களே?

செடிநோய்:
இரண்டும் அதே எதிர்ப்பைத் தூண்டுபவைதான். சாலிசிலிக் அமிலத்தில் 1 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) என்றால் லிட்டருக்கு 138 மில்லிகிராம். 200 லிட்டருக்கு 28 கிராம்கூட வராது. குளிர்ந்த நீரில் லேசில் கரையாது, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். அளவு கூடினால் இலை விளிம்பு கருகும். அதை நோய் என்று நினைத்து மறுபடி அடிப்பவர்கள் உண்டு! நாலைந்து கொடியில் அடித்துச் சில நாள் பார்த்துவிட்டுத்தான் வயலுக்கு.

கைட்டோசன் வெறும் தண்ணீரில் கரையாது. 10 மில்லி அசிட்டிக் அமிலம் சேர்த்த ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். உப்பு போர் தண்ணீரில், கார அமிலத்தன்மை (pH) 6.5-ஐத் தாண்டினால் திரிந்துவிடும். மழைநீர் பிடித்து வையுங்கள். பாக்டீரியாவையும் அடக்கக்கூடியது என்பதால் சூடோமோனாஸோடு கலக்க வேண்டாம். செலவைப் பார்த்தால் ஏக்கர் கணக்கில் எனக்குச் சூடோமோனாஸே போதும் என்று படுகிறது.

கொடிப்பந்தல்:
ஒண்ணு விட்டுப்போச்சு. உதிர்ந்த இலையைப் பந்தலுக்கு அடியில விடாதீங்க, பூஞ்சை அதுலதான் அடுத்த பட்டம் வரைக்கும் கிடக்கும். அடைமழை வாரத்துல மேங்கோசெப்பை முழுசா விட்டுடவும் முடியாது. லிட்டருக்கு 2 கிராம், ஒட்டுத்திரவத்தோட, மழை இடைவெளி பார்த்து. சூடோமோனாஸை அதோட கலக்காம ஒரு வாரம் தள்ளி அடிங்க.